பிஷப்புக்கு வைத்த தட்டு

லெட்பரி,
நவம்பர் 5, முற்பகல்.

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள ஈனிட் அக்காவுக்கு,

உன் தம்பி வில்ஃப்ரெட் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் பேரிமரமும், உன் சமையலறைக் குழாயின் ஓயாத சொட்டும் சுகம். அங்கே லாண்டட்னோவின் கடற்காற்றும் உன் புது இடுப்பும் ஒத்துப்போய்விட்டன என்று ரோசலிண்ட் சொன்னாள். கேட்டு மகிழ்ந்தேன். உன் மகள் எப்போதும் நல்ல சேதியை மட்டும்தான் சொல்வாள், அதனால் பாதியைத்தான் நம்பினேன். இங்கே மழை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம், நேற்றைக்குப் பரவாயில்லை. நலம் விசாரித்தாயிற்று, மழையைப் பற்றியும் எழுதியாயிற்று. இனி விஷயத்துக்கு வராமல் தப்பிக்க எனக்கு வழி தெரியவில்லை.

அக்கா, பிஷப் இங்கே இல்லை. உயிரோடுதான் இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உன் தோட்டத்தில் இல்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை. காரணம் நான். இதைத் தொலைபேசியில் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்க்கிறேன். நீ "பிஷப் எப்படிடா இருக்கார்?" என்று கேட்டதும் என் வாய் தானாக "ஜோரா இருக்கார்" என்று சொல்லிவிடுகிறது. பேனாவுக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரு முள்ளெலிக்காக எழுபத்தாறு வயதில் ஒருத்தி இப்படி உருகுவாளா என்று ரோசலிண்ட் உன் காதுபடவே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு டிரான்டர் வேலியோரம் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்மண் தெரியாமல் ஓட்டி, பிஷப்பின் இடது பின்னங்காலைப் பறித்த அன்று நீ என்னைக் கூப்பிட்டாயே, உன் குரலை நான் மறக்கவில்லை. துண்டில் சுற்றி, மடியில் வைத்து, மருந்து போட்டு, மூன்று காலோடு அவரை நீ மறுபடி நடக்கவிட்டதும், அன்றிலிருந்து டிரான்டரோடு ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதும் இந்தச் சந்துக்கே தெரியும். ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ என் கையைப் பிடித்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ரோசலிண்ட் என்னை அங்கேயே நிரந்தரமா உட்காரவைக்கப் பார்க்கிறா. நான் மாட்டேன்டா வில்ஃப். பிஷப் இருக்கிற வரைக்கும் அதுதான் என் வீடு. இடுப்பு சரியானதும் கிறிஸ்துமஸுக்கு நான் வந்துடுவேன். அதுவரைக்கும் நீ அங்கே இருந்து அவரைப் பார்த்துக்கோ." இப்போது ரோசலிண்ட் சொல்கிறாள், வீட்டை விற்க நீ சம்மதித்துவிட்டாயாம், அடுத்த வாரம் கையெழுத்தாம். ஏன் திடீரென்று மனம் மாறினாய் என்று எனக்குப் புரியவில்லை. உன்னைத் தடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் எந்த முகத்தோடு தடுப்பது என்று கீழே படித்தால் உனக்கே விளங்கும்.

நீ சொல்லிவிட்டுப் போனது எதையும் நான் மறக்கவில்லை. சாயங்காலம் ஒரு கரண்டி பூனை உணவு, ஒரே ஒரு கரண்டி. பக்கத்தில் தட்டையான கிண்ணத்தில் தண்ணீர். ரொட்டியும் பாலும் கூடவே கூடாது. வேலிக்கு அடியில் இருக்கிற ஓட்டையை அடைக்காதே, புல்லை வெட்டாதே, டிரான்டரிடம் பேசாதே. இதில் கடைசி மூன்றையும் அக்டோபர் வரைக்கும் அட்சரம் பிசகாமல் செய்தேன். புல் இப்போது என் முழங்கால் உயரம்.

முதல் சாயங்காலம் ஓட்டை வழியாக அவர் வந்ததை நான் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். முப்பது வருஷம் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்த கண் இது. வேலியோரம் நின்று இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைக்கவில்லை. புல்லைப் பிளந்துகொண்டு நேராக வந்து தட்டின் மேலேயே ஏறி நின்றார். தேர்வாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஃபெயில் என்று எழுதியிருப்பேன். ஒரு கரண்டியை மூச்சுவிடாமல் முடித்தார். முடித்துவிட்டு மூக்கால் தட்டைத் தள்ளிக்கொண்டே என் செருப்பு வரைக்கும் வந்து நிமிர்ந்து பார்த்தார். அக்கா, நீ சிரித்தாலும் சரி, எனக்கு என்னவோ செய்தது. என்னோடு காரில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் நான் எப்போது இறங்கித் தொலைவேன் என்றுதான் காத்திருந்தார்கள். கட்டியவள் மியூரியல் போன பிறகு யாரும் என்னைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டதில்லை. நான் இன்னொரு கரண்டி வைத்தேன்.

மறுநாள் மூன்று. அதற்கடுத்த வாரம் பூனை உணவு தீர்ந்து, கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, நம் அம்மா செய்தது போல ரொட்டியைப் பாலில் ஊறவைத்து வைத்தேன். அம்மா வைத்தபோது எல்லா முள்ளெலியும் நன்றாகத்தானே இருந்தன என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். நன்றாக இருந்தனவா, செத்துப்போய்ப் புதுசு புதுசாக வந்தனவா என்று அம்மா எண்ணிப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் உறைத்தது. விடிந்து பார்த்தால் உன் கல்பாதை முழுக்க வயிற்றுப்போக்கு. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் அவர் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று நல்ல சாப்பாடாக ஆரம்பித்தேன். வேகவைத்த முட்டை, ரோஸ்டில் மிஞ்சிய மாட்டிறைச்சி, செடார் சீஸ் ஓரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாவு கரைத்து உப்பச் சுட்ட யார்க்‌ஷர் புட்டிங்கைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து கிரேவியில் தோய்த்து வைத்தேன். நான் செய்த யார்க்‌ஷர் புட்டிங்கை மியூரியல்கூட முழுசாகச் சாப்பிட்டதில்லை, இவர் தட்டைத் திருப்பிப் போட்டு அடியையும் நக்கினார். அவர் சப்புக்கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் தேநீர் குடித்தபடி என் பழைய கதைகளை எல்லாம் சொல்வேன். ரவுண்டானாவைத் தப்பான பக்கமாகச் சுற்றிய பாதிரியார் கதையை நாலு தடவை கேட்டிருக்கிறார், ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு நீ தொலைபேசியில் "ரொம்ப நொண்டுறாராடா?" என்று கேட்டாய். நான் பெருமையாக, "நொண்டலா? சுத்தமா இல்லைக்கா. என் சாப்பாடு அப்படி. ஓடுறார்" என்றேன். நீ "ஓ" என்றாய். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சந்தோஷத்தில் உனக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து நானும் நாசூக்காக மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

இப்படியே அக்டோபர் வந்தது. பிஷப் ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்கு ஆகியிருந்தார். குளிர்காலத் தூக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்கிறார் என்று நான் நினைத்தேன். ஒரு நாள் பொழுது சாயும் நேரம், தட்டைக் காலிபண்ணிவிட்டுத் திரும்பிப் போனவர் வேலி ஓட்டைக்குள் நுழைந்தார், நுழைந்தவர் நின்றுவிட்டார். பின்பாதி உன் தோட்டத்தில், முன்பாதி டிரான்டர் தோட்டத்தில். நான் ஓடிப் போய் முழங்காலில் உட்கார்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"மன்னிக்கணும் ஐயா. உங்க முள்ளெலியோட முகம் என் பக்கம் இருக்கு."

டிரான்டரின் குரல் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நான் உன் கட்டளையை நினைத்துப் பல்லைக் கடித்தேன். பிறகு வேலியைப் பார்த்து, "எங்க அக்கா உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

"தெரியும் ஐயா. நீங்க பேச வேணாம். நான் பேசுறேன், நீங்க தள்ளுங்க."

"தள்ளினா உங்க பக்கம் வந்துடுவாரே. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

"எனக்கென்ன தொந்தரவு. வேணும்னா நான் தள்ளுறேன், உங்க பக்கமே வரட்டும்."

"ஐயையோ, வேணாம். உங்க கைல முள்ளு குத்திடும்."

"பரவால்ல ஐயா, நீங்க முதல்ல."

"இல்ல இல்ல, நீங்க முதல்ல."

நடுவில் ஒரு ஜீவன் மூச்சுமுட்டி நிற்க, இரண்டு கிழவர்கள் இப்படி ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் வெட்கப்பட்டு நானே கையுறையை மாட்டிக்கொண்டு தள்ளினேன். பிஷப் என்னை இரண்டு பின்னங்காலாலும் மாறி மாறி உதைத்தார், கையுறையின் கட்டைவிரல் கிழிந்தது. வெண்ணெய் தடவினேன். வெண்ணெயோடு உதைத்தார். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு மிஸஸ் காஸ் துணிக்கூடையோடு உன் பக்கவாசல் வழியாக வந்து எட்டிப் பார்த்து, "ஐயோ கடவுளே, இது நம்ம டச்சஸ் இல்லையா!" என்று அலறினாள்.

"எந்த டச்சஸ்?" என்றேன்.

"எங்க டச்சஸ். தினம் ராத்திரி எங்க வாசல்ல வந்து சாசேஜ் தின்னுட்டுப் போவா. என் ராஜாத்தி, உனக்கு யாரு இந்தக் கொடுமையப் பண்ணினது?"

"மேடம், இவர் பிஷப். எங்க அக்காவோட பிஷப். சாயங்காலமே எங்க வீட்டுல முழுச் சாப்பாடு முடிச்சுட்டுத்தான் வருவார்."

"அப்போ எங்க வீட்டுல தின்னது?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டிரான்டர், "அடிப்பலகையக் கழட்டிடட்டுமா? உங்க அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார். திருகாணியைத் திருகிப் பலகையைக் கழற்றினார். பிஷப் என் பக்கமாக உருண்டு விழுந்தார். முள்ளெலி பயந்தால் பந்தாகச் சுருளும், அதுதானே அதற்குக் கடவுள் கொடுத்த ஒரே காவல். இவரும் சுருளப் பார்த்தார். தலையைக் குனிந்தார், முதுகை வளைத்தார், மூக்கு வயிற்றில் இடித்து நின்றுவிட்டது. மறுபடி முயன்றார், மறுபடியும் நின்றது. பிறகு புல்லில் அப்படியே தட்டையாகப் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். ஒரு நரி வந்திருந்தால் அவ்வளவுதான். நான் தூக்கிக் கொடுத்த ஒவ்வொரு துண்டு ரோஸ்டும் அவர் முதுகு முள்ளில் ஒவ்வொன்றாகப் பிடுங்கியதற்குச் சமம் என்று அந்த நிமிஷம் தோன்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸஸ் காஸ் என்னைப் பார்க்காதது போல வானத்தைப் பார்த்து, "மேகம் போடுது" என்றாள்.

துணிக்கூடையில் அவரைப் போட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மிஸ் பெடோஸிடம் போனோம். கோயிலுக்குப் பின்னால் கார் கொட்டகையில் அடிபட்ட பிராணிகளைப் பார்க்கிறாளே, அவளேதான். தராசில் வைத்தாள். தராசு முள்ளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"யாரு இதுக்குச் சாப்பாடு போட்டது?"

"நான்தான்" என்றேன். "நானும்தான்" என்றாள் மிஸஸ் காஸ்.

"ரெண்டு பேரும் நேர் எதிர் வீடு. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?"

"ஏன் பேசாம? தினமும் குட்மார்னிங் சொல்றோம். குளிர் அதிகம்னுகூட நேத்து பேசினோமே" என்றாள் மிஸஸ் காஸ் ரோஷமாக.

மிஸ் பெடோஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளுக்கு முப்பது வயதுகூட இராது. ஆனால் அந்தத் துடைப்பு எனக்குத் தெரியும். கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால் நானும் முப்பது வருஷம் அப்படித்தான் துடைத்தேன். "கேளுங்க. இதை வசந்தம் வரைக்கும் நான் பட்டினி போட்டு இளைக்கவைக்கணும். அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆப்பிள் தோப்புல விட்டுடுவேன். உங்க சந்துக்குத் திருப்பி அனுப்ப மாட்டேன்."

"அங்கே யாரு இவருக்குச் சாப்பாடு போடுவாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் போட மாட்டாங்க சார். அதுக்குத்தான் அங்கே விடுறேன்."

வேறு வாய்ப்பு உண்டா, மறுபடி ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். நான் ஃபெயில் போட்ட ஒவ்வொருவரும் என்னிடம் கேட்டது அதைத்தான். நான் ஒருவருக்கும் இரங்கியதில்லை என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அவ்வளவுதான் நடந்தது அக்கா. உன் ஒரு கரண்டியில் இருந்த கவனம் என் பாத்திரம் பாத்திரமான சாப்பாட்டில் இல்லை. நீ அவருக்காக வைத்தாய், நான் எனக்காக வைத்திருக்கிறேன். யாரோ ஒருவர் என் தட்டுக்குக் காத்திருக்கிறார் என்கிற சுகத்துக்காக, காத்திருந்தவரையே கெடுத்துவிட்டேன். நீ சிரமப்பட்டு நிற்கவைத்த ஒரு உயிரை நான் உட்காரவைத்துவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வார்த்தைகள் போதவில்லை.

அதனால் ரோசலிண்ட் சொன்னபடியே செய். பிஷப் இருக்கிற வரைக்கும்தான் அது என் வீடு என்றாய். பிஷப் இல்லை. கையெழுத்துப் போட்டுவிடு. உன்னைத் தடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. பெட்டியைக் கட்டிவிட்டேன், சனிக்கிழமை என் அறைக்கே போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் மேசையில் சாப்பிட்டுப் பழகியவன், இனி எங்கேயாவது பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கவலைப்படாதே என்று எழுதிவிட்டேனே தவிர, நீ இல்லாத லெட்பரியில் எனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

வெளியே டிரான்டர் தோட்ட முள்வாரியோடு நடமாடும் சத்தம் கேட்கிறது. இன்று இரவு நெருப்புத் திருநாள் அல்லவா, சந்து முழுவதற்குமான விறகுக் குவியலை இந்த வருஷமும் அவர்தான் தன் தோட்டத்துக் கோடியில் அடுக்கியிருக்கிறார், இரண்டு ஆள் உயரம். மிஸஸ் காஸ் உருளைக்கிழங்கு சுடத் தாள் சுற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழைப்பு வந்தது. போகிற மனநிலை இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கடற்கரையில் தொப்பி இல்லாமல் நிற்காதே. ரோசலிண்டுக்கு என் ஆசிகளைச் சொல், குழாய் இன்னும் சொட்டுகிறது என்பதையும் வாங்குகிறவர்களிடம் அவள் சொல்லிவிட வேண்டும். ஆண்டவன் உன்னை நீண்ட நாள் நல்ல எலும்புகளோடு வைத்திருக்கட்டும்.

என்றும் உன் வெட்கப்படுகிற தம்பி,
வில்ஃப்ரெட்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதில் மழை ஒன்றைத் தவிர எதையும் நம்பாதே. உறையை ஒட்டப் போகும்போது வாசல் கதவைத் தட்டினார்கள். டிரான்டர். உன் வாசலில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு. கொளுத்துவதற்கு முன்னால் எல்லாரும் செய்வதுதானே, உள்ளே ஏதாவது உயிர் படுத்திருக்கிறதா என்று குவியலை அடியோடு தூக்கிப் பார்த்திருக்கிறார். "ஐயா, நீங்க பேச வேணாம்" என்றார். "வந்து பார்த்தா போதும்."

உன் கட்டளையை மீறி அவர் தோட்டத்துக்குள் போனேன். குவியலின் ஓரத்தில், இலைச்சருகை மூக்கால் கிளறிக்கொண்டு ஒரு முள்ளெலி எரிச்சலாக நடந்துகொண்டிருந்தது. மெலிவும் இல்லை, தடிப்பும் இல்லை. நல்ல பகல் வெளிச்சம், வெட்டின புல்தரை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேற்றில் முழங்காலிட்டுக் கால்களை எண்ணினேன். மூன்று. நம்பாமல் மறுபடி எண்ணினேன். இடது பின்னங்கால் இல்லை.

இருபது கஜத்தில் நம்பர் பலகையைப் படிக்க முடியாதவனை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியவன் நான். என்னை இரண்டு பின்னங்காலாலும் உதைத்தது என்று மேலே என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எழுதும்போதுகூட உறைக்கவில்லை. நாலு காலோடு வந்த ஒரு முன்பின் தெரியாத குண்டனுக்கு மூன்று மாதம் விருந்து போட்டிருக்கிறேன். பிஷப்பை இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று டிரான்டரிடம் கேட்டேன்.

"தெரியும் ஐயா. அந்தக் குண்டன் வந்ததிலேர்ந்து இவரு உங்க பக்கம் வர்றதில்ல, பயம். தினம் சாயங்காலம் நான்தான் வைப்பேன். ஒரு கரண்டி. ஒரே ஒரு கரண்டி. உங்க அக்கா சொல்றது வேலிக்கு இந்தப் பக்கமும் நல்லாக் கேட்கும்."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீங்க புதுசா ஒண்ணு வளர்த்து, அதுக்கும் அதே பேரு வச்சுட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டா தப்பா எடுத்துப்பீங்களோன்னு..."

அக்கா, அவர் மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அவர் முள்வாரியை மண்ணில் குத்தி நிறுத்தினார். "ஒரு கால எடுத்த பாவி நான். இன்னிக்கு மட்டும் தூக்கிப் பார்க்காம இருந்திருந்தா, மிச்சம் மூணையும் நானே கொளுத்தியிருப்பேன்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் மேகத்தைப் பற்றிக்கூடப் பேச வரவில்லை.

குவியலைக் கொளுத்தப்போவதில்லை என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பிஷப் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார், மேலே மறுபடி மூடிவிட்டோம், வசந்தம் வரைக்கும் அப்படியே இருக்கும். மிஸஸ் காஸ் உருளைக்கிழங்கை அடுப்பிலேயே சுட்டுக் கொண்டுவருகிறாள், உன் சமையலறையில் மூன்று பேரும் சாப்பிடப்போகிறோம். டிரான்டரை உள்ளே விட்டதற்கு வந்ததும் என்னைத் திட்டிக்கொள். கழற்றின பலகையை உன்னைக் கேட்காமல் மாட்ட மாட்டாராம்.

இப்போதுதான் அந்த "ஓ" எனக்குப் புரிகிறது. நொண்டலே இல்லை என்று நான் பெருமையடித்தபோது, பிஷப் செத்துப்போய்விட்டார், தம்பி வேறு ஏதோ ஒன்றைக் காட்டிச் சமாளிக்கிறான் என்று நினைத்துவிட்டாய், இல்லையா? அன்றைக்கே வீட்டையும் விட்டுவிட்டாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா. கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் அவர் எப்படி இருக்கார் என்று எனக்காகவே விசாரித்திருப்பாய்.

ரோசலிண்ட் நீட்டுகிற பேனாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி வா. அவர் விழித்து எழுந்திருக்கும்போது ஒரு கரண்டி அளந்து வைக்க இந்த வீட்டில் ஒரு கை வேண்டும். என் கையை நம்பாதே.